430-ம் 221-ம்: ஒரு ஃப்ளோ சைட்டோமெட்ரி மேசையின் அனுபவம்

2010-ம் ஆண்டு. தென்மாவட்டம் ஒன்றில் இருந்த சிடி4 பரிசோதனைக் கூடத்தில், அதாவது எச்.ஐ.வி. தாக்கும் சிடி4 என்ற வெள்ளையணுக்களை ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியால் எண்ணும் இடத்தில், நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்த நேரத்தில் போன் அடித்தது. எச்.ஐ.வி. சிகிச்சை மையத்து டாக்டர் பேசினார். "நேத்து வந்த ரிப்போர்ட்ல ஒரு நம்பர் இடிக்குதும்மா. போன தடவை 260. இன்னும் மருந்தே ஆரம்பிக்கலை. இப்போ 430-னு போட்டிருக்கீங்க. மருந்து இல்லாம எப்படி இவ்வளவு ஏறும்?"

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கணினியில் அந்த டியூபின் பதிவைத் திறந்தேன். படம் அழகாகத்தான் இருந்தது. சிடி4 செல்கள் தனிக் கூட்டமாக, சிடி8 செல்கள் தனிக் கூட்டமாக, குழப்பமே இல்லாமல் பிரிந்து நின்றன. சீனியர் அக்கா பின்னால் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பீட்ஸ் எத்தனை வந்திருக்கு?"

அந்தக் கேள்வி புரிய வேண்டுமானால் கணக்கைச் சொல்ல வேண்டும். நாங்கள் பயன்படுத்திய டியூபின் அடியில் ஏற்கெனவே எண்ணி வைத்த நுண்மணிகள் இருக்கும், அவைதான் பீட்ஸ். டியூபுக்கு 50,000 மணி என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 மைக்ரோலிட்டர் ரத்தம் விடுகிறோம். அப்படியானால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 1,000 மணி. கருவி செல்களையும் மணிகளையும் சேர்த்தே எண்ணும். சிடி4 செல்களின் எண்ணிக்கையை மணிகளின் எண்ணிக்கையால் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால், ஒரு மைக்ரோலிட்டரில் எத்தனை சிடி4 செல்கள் என்பது கிடைத்துவிடும். அன்று அந்த டியூபில் செல்கள் 1,100. மற்ற டியூப்களில் எல்லாம் அதே வேகத்தில் அதே நேரத்துக்கு 5,000 மணிக்குப் பக்கமாக வந்திருக்க, இதில் மட்டும் 2,560. பாதி மணிகள் எண்ணிக்கைக்கு வரவே இல்லை. வகுக்கும் எண் பாதியானால் விடை இரட்டிப்பாகும்தானே.

ஏன் வரவில்லை என்பதும் சீக்கிரமே தெரிந்தது. முந்தைய நாள் மின்சாரம் போய், சாயமேற்றிய டியூப்கள் ரொம்ப நேரம் அப்படியே நின்றிருந்தன. கரன்ட் வந்ததும் அவசரத்தில் அந்த ஒன்றை வோர்டெக்ஸ் என்ற கலக்கும் கருவியில் சரியாகக் கலக்காமல் கருவியில் வைத்துவிட்டேன். மணிகள் அடியில் தங்கிவிட்டன. மறுபடியும் ரத்தம் வரவழைத்துச் சோதித்தோம். வந்த எண் 221.

430 என்றால் அந்த மனிதர் வீட்டுக்குப் போய் இன்னும் ஆறு மாதம் காத்திருந்திருப்பார். 221 என்றால் காத்திருக்க முடியாது. அப்போதெல்லாம் மருந்தை எப்போது தொடங்குவது என்பதை இந்த எண்தான் முடிவு செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2010-ல் அந்தக் கோட்டை 350 என்று வைத்தது, 2013-ல் 500 என்று உயர்த்தியது, 2015-ல் எண் எதுவானாலும் எல்லோருக்கும் மருந்து என்று சொல்லிவிட்டது. இந்தியா 2017-ல் அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய காலத்தில் இந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களின் கையில் எவ்வளவு பெரிய பொறுப்பு இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும்.

பிறகு நான் புற்றுநோய்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு மாறினேன். அங்கே ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் சாம்பிள்கள். இரண்டு இடத்திலும் நான் கற்றதைப் புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கருவியை இயக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்த டியூபைப் போட்டாலும் கருவி ஓர் எண்ணைத் தந்துவிடும். அந்த எண்ணை எப்போது நம்பலாம் என்பதைக் கற்கத்தான் வருடங்கள் ஆகின்றன.

முதலில், குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டும் ஆன்டிபாடி எதற்கு என்பதைப் பார்ப்போம். லீஷ்மன் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: லிம்போசைட் என்ற வெள்ளையணு என்றால் கருநீல உருண்டை, சுற்றிலும் மெல்லிய வெளிர்நீல விளிம்பு. அது டி செல்லா, பி செல்லா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. உருவத்தில் அவ்வளவு ஒற்றுமை. வேறுபாடெல்லாம் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களில். ஒரு காலத்தில் டி செல்லை எண்ண ஆட்டின் சிவப்பணுக்களைக் கலப்பார்கள். டி செல்லைச் சுற்றி அவை பூவிதழ் போல ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பூக்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். இல்லையென்றால் முயலுக்கு ஊசி போட்டு அதன் ரத்தத்திலிருந்து எடுத்த, ஆன்டிபாடி உள்ள சீரம் என்ற தெளிநீர். ஒரு முயலின் சீரம் போல இன்னொரு முயலின் சீரம் இருக்காது. முதல் முயல் இறந்துவிட்டால் அந்தச் சீரமும் போயிற்று.

1975-ல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் செய்த காரியம் இதை மாற்றியது. ஆன்டிபாடி சுரக்கும் எலியின் பி செல் சில நாளில் செத்துவிடும். புற்றுநோய்ச் செல்லோ சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒன்றாக இணைத்து, ஒரே ஒரு செல்லிலிருந்து ஒரு வம்சத்தையே வளர்த்தார்கள். அந்த வம்சம் முழுக்க ஒரே ஆன்டிபாடியைத்தான் சுரக்கும், இன்றைக்கும், பத்து வருடம் கழித்தும். மோனோகுளோனல் என்ற பெயர் அதனால்தான். அதற்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. 1984-ல் நீல்ஸ் ஜெர்னேவோடு சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்புறம் ஊருக்கொரு ஆன்டிபாடி வந்தது, ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஓகேடி4, லியூ-3, டி4 எல்லாமே ஒரே புரதத்தைத்தான் காட்டின. 1982-ல் ஆய்வாளர்கள் பாரிஸில் கூடி, ஒரே புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை ஒரு கொத்தாகச் சேர்த்து சிடி என்று எண் கொடுத்தார்கள். சிடி3 எல்லா டி செல்லிலும் உண்டு. உதவி டி செல்லில் சிடி4, கொல்லும் டி செல்லில் சிடி8, பி செல்லில் சிடி19, சிடி20, இயற்கைக் கொல்லி செல்லில் சிடி16, சிடி56. எல்லா வெள்ளையணுவிலும் சிடி45. எங்கள் வேலையின் அரிச்சுவடி இது. 1981-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளை முதன்முதலாக விவரித்த மருத்துவர்களுக்கு, உதவி டி செல்கள் காணாமல் போயிருப்பதைக் காட்டிக்கொடுத்ததும் அப்போதுதான் புதிதாக வந்திருந்த இந்த ஆன்டிபாடிகளே.

ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். கோயிலில் கூட்டத்தைக் கட்டை கட்டி ஒற்றை வரிசையாக விடுவது போல, கருவி செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் குறுக்கே அனுப்பும். ஒவ்வொரு செல்லும் ஒளியை எவ்வளவு முன்னால் சிதறடிக்கிறது என்பதில் அதன் அளவும், எவ்வளவு பக்கவாட்டில் சிதறடிக்கிறது என்பதில் அதன் உள்ளே இருக்கும் மணிமணியான அமைப்பும், எந்த நிறம் ஒளிர்கிறது என்பதில் அதன் அடையாளமும் பதிவாகும். விநாடிக்கு ஆயிரக்கணக்கான செல்கள். திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி.

இனி நடைமுறை. ரத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். இங்கே தவறினால் பின்னால் எதைச் செய்தும் பயனில்லை.

மே மாதம் ஒரு நாள், தூரத்து மையத்திலிருந்து பஸ்ஸில் வந்த பெட்டியைத் திறந்தால் டியூப்கள் பனிக்கட்டிப் பையோடு ஒட்டிச் சில்லென்று இருந்தன. அனுப்பியவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருந்தார். ரத்தம் என்றால் குளிரில் வைக்க வேண்டும் என்பது எல்லோர் மனதிலும் இருக்கிறது. ஆனால் உயிருள்ள வெள்ளையணுக்களைப் பார்க்கும் இந்தச் சோதனைக்குக் குளிரும் ஆகாது, வெயிலும் ஆகாது. 18 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 37 டிகிரியைத் தாண்டினாலே செல்கள் கெடத் தொடங்கும், நம் ஊர் மே மாதத்தில் பஸ்ஸின் டிக்கிக்குள் எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அன்று சோதித்துப் பார்த்தோம். லிம்போசைட் கூட்டம் கலைந்து, குப்பைப் புள்ளிகளோடு கலந்து கிடந்தது. ரிப்போர்ட் தராமல் திருப்பி அனுப்பினோம்.

அதன்பிறகு எல்லா மையங்களுக்கும் ஒரு தாள் எழுதி அனுப்பினோம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடி டியூப்தான் வேண்டும். எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். தெர்மோகோல் பெட்டியில் ஜெல் பையை உறைய வைக்காமல் போட்டு, டியூபைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளும் நேரமும் டியூபிலேயே இருக்க வேண்டும். ஒரே தாள்தான், ஆனால் திருப்பி அனுப்பும் டியூப்கள் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன. நேரம் எவ்வளவு என்பதில் கிட்டோடு வரும் தாள் சொல்வதே சட்டம். 48 மணி நேரம் என்றால் 48 மணி நேரம்தான். "நோயாளி ரொம்ப தூரத்திலிருந்து வந்தாரே" என்று மனம் இரங்கிப் பழைய ரத்தத்தைச் சோதிப்பது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

டியூபைக் கையில் எடுத்ததும் ஒரு குச்சியால் உள்ளே துழாவிப் பாருங்கள். சின்ன உறைவு இருந்தாலும் அது வெள்ளையணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தைத் தூரம் கொண்டுபோவது புதிதல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-ல் முதன்முதலாகக் கண்டுபிடித்தது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அது சீரத்தில் செய்யும் சோதனை. சீரமாகப் பிரித்துவிட்டால் குளிரில் வைத்துக் கொண்டுபோகலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை, செல் உயிரோடு வந்து சேர வேண்டும்.

பைப்பெட் பிடிப்பதைப் பற்றிச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், இதெல்லாம் படிப்பில் முதல் வருடத்துப் பாடமாயிற்றே என்று. மணிகளை வைத்து எண்ணும் முறையில் 50 மைக்ரோலிட்டர் என்றால் அது சரியாக 50 ஆக இருக்க வேண்டும். 55 ஆனால் எண்ணும் பத்து சதவீதம் கூடிவிடும். ரத்தம் பிசுபிசுப்பானது. அதனால் இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சி, முதல் நிறுத்தம் வரை மட்டும் விட வேண்டும். டிப்பில் மிஞ்சுவதை எறிந்துவிடலாம். டிப்பின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுத்தான் டியூபுக்குள் நுழைக்க வேண்டும். சுவரில் ஒரு துளி பட்டால் அதில் இருக்கும் செல்லுக்கு ஆன்டிபாடி போய்ச் சேராது, எண் குறைந்துவிடும். சுவரில் பட்டுவிட்டால் துடைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். புது டியூப் எடுங்கள். அக்கா இதை எனக்குச் சொன்னபோது டியூபின் விலையை நினைத்துத் தயங்கினேன். "டியூபுக்குக் கணக்கு நான் சொல்லிக்கிறேன், நீ எண்ணுக்குக் கணக்கு சொல்லு" என்றார்.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் பின்னாளில் என்னிடம் கேட்டான்: "சிடி4-ஐ எண்ணத்தானே இந்த டெஸ்ட்? எதுக்குக்கா சிடி3-ம் சேர்த்துப் போடுறோம்? ஒரு ஆன்டிபாடி மிச்சமாகுமே." நல்ல கேள்வி. அவனுக்குச் சிடி4-ஐ மட்டும் போட்டு ஒரு டியூபை ஓட்டிக் காட்டினேன். பிரகாசமான கூட்டத்துக்குக் கீழே மங்கலாக இன்னொரு கூட்டம் தெரிந்தது. அவை மோனோசைட்டுகள், வேறொரு வகை வெள்ளையணு. அவற்றின் மேலும் சிடி4 கொஞ்சம் உண்டு. உதவி டி செல்கள் மிகக் குறைந்துபோன நோயாளியிடம் இந்த மோனோசைட்டுகளையும் தவறிச் சேர்த்து எண்ணிவிட்டால், இருக்கும் நிலையைவிட அவர் நன்றாக இருப்பது போலக் காட்டிவிடும். அதுவும் யாருக்கு எண் சரியாகத் தெரிய வேண்டுமோ அவருக்கே தவறாகப் போகும். ஓர் ஆன்டிபாடி ஒரு புரதத்தைத்தான் காட்டும், செல்லின் பெயரைச் சொல்லாது. சிடி3-ம் சிடி4-ம் ஒரே செல்லில் சேர்ந்திருந்தால்தான் அது உதவி டி செல்.

இதோடு சேர்ந்து, காசில்லாமல் கிடைக்கும் ஒரு சோதனையும் உண்டு. சிடி3 உள்ள செல்களில் பெரும்பாலானவை சிடி4 அல்லது சிடி8. ஆகவே அந்த இரண்டின் சதவீதத்தையும் கூட்டினால் சிடி3-ன் சதவீதத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் நின்று யோசியுங்கள். அதேபோல டி, பி, இயற்கைக் கொல்லி மூன்றையும் கூட்டினால் லிம்போசைட்டுகளில் கிட்டத்தட்ட நூறு சதவீதம் வர வேண்டும். 95-லிருந்து 105 வரை சரி. 80 வந்தால், லிம்போசைட் என்று நீங்கள் கோடு போட்ட கட்டத்துக்குள் வேறு ஏதோ புகுந்திருக்கிறது. சில நோயாளிகளுக்குச் சிடி4-ம் சிடி8-ம் இரண்டுமே இல்லாத காமா-டெல்டா டி செல்கள் உண்மையாகவே அதிகம் இருக்கும், அப்போது கூட்டல் இடிக்கத்தான் செய்யும். ஆனால் அது கடைசியாக யோசிக்க வேண்டிய காரணம். நான் பார்த்தவரை கூட்டல் இடித்த பெரும்பாலான டியூப்களில் கோளாறு எங்கள் பக்கமே இருந்தது.

புற்றுநோய்க் கூடத்துக்கு மாறியதும் நிறங்கள் கூடின. இரண்டு, மூன்று நிறத்தில் வேலை பார்த்தவள் எட்டு, பத்து நிறத்துக்கு வந்தேன். இங்கேதான் நான் அதிகம் தடுமாறியது, அதிகம் கற்றதும் இங்கேதான்.

ஃபிட்சி என்ற சாயம் பச்சையாக ஒளிரும் என்று சொல்கிறோம். உண்மையில் அதன் ஒளி பச்சையில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு வரை வால் நீட்டிக்கொண்டு போகும். பக்கத்தில் ஆரஞ்சுக்காகக் காத்திருக்கும் பிஇ சாயத்தின் டிடெக்டரில் அந்த வால் போய் விழும். அதைக் கணக்கிட்டுக் கழிப்பதற்குப் பெயர் காம்பென்சேஷன். பழைய கருவியில் சிலர் இதைக் கண்ணால் பார்த்தே திருகிச் சரி செய்வார்கள். தயவுசெய்து அந்தப் பழக்கத்தைப் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு சாயத்துக்கும் அது மட்டும் போட்ட ஒரு டியூப் வையுங்கள், மென்பொருள் கணக்கிடட்டும்.

ஒரு மாலை, ஒரு நோயாளியின் சாம்பிளில் சிடி19-ம் சிடி56-ம் ஒன்றாக உள்ள செல்கள் தெரிந்தன. பி செல்லின் மேல் சிடி56 இருந்தால் அது சாதாரண விஷயம் இல்லை. பரபரப்போடு படத்தை அச்செடுத்தேன். அப்புறம் அதற்கு முந்தைய சாம்பிளைப் பார்த்தேன். அதிலும் இருந்தது. அதற்கு முந்தையதிலும். ஒரே நாளில் எல்லா நோயாளிக்கும் ஒரே விசித்திரம் வருமா? கூர்ந்து பார்த்தால் அந்தப் புள்ளிகள் சாய்வான கோடாக நின்றன: சிடி19 எவ்வளவு பிரகாசமோ அவ்வளவுக்குச் சிடி56-ம். அந்தச் சாய்வுதான் துப்பு. எங்கள் சிடி19-ல் கட்டியிருந்தது பிஇ-சை7 என்ற இரட்டைச் சாயம். லேசர் ஒளியைப் பிஇ வாங்கி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் சை7-க்குக் கொடுக்கும், சை7 தூரத்துச் சிவப்பில் ஒளிரும். வெளிச்சமோ சூடோ பட்டால் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு கெட்டுவிடும். அப்போது பிஇ வாங்கிய ஒளியைத் தானே உமிழும். சிடி56-ல் இருந்ததும் பிஇ. அந்த வாரம் யாரோ குப்பியை ஜன்னலோர மேசையில் திறந்தபடி விட்டிருக்கிறார்கள். வேறு குப்பியில் திரும்பப் போட்டதும் அந்தச் "சிடி56 பி செல்கள்" மறைந்துவிட்டன.

இரட்டைச் சாயக் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி வைப்பேன், திறந்த தேதியை மூடியில் எழுதுவேன். காம்பென்சேஷனுக்கான ஒற்றைச் சாய டியூபிலும் அதே குப்பியிலிருந்துதான் ஊற்றுவேன். லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) மாறினால் இரட்டைச் சாயத்தின் வாலும் மாறும், பழைய கணக்கு செல்லாது. இன்னொன்று: பிஇ, ஏபிசி சாயங்களைக் கட்டிய ஆன்டிபாடியை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. அந்தச் சாயங்கள் பாசியிலிருந்து எடுத்த புரதங்கள், உறைந்தால் குலைந்துவிடும். 4 டிகிரி, இருட்டு, அவ்வளவுதான்.

விலை அதிகமான பொருளை நிறையப் போட்டால் நல்ல படம் வரும் என்று எனக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆராய்ச்சிக்காக ஒரு சிடி127 ஆன்டிபாடி வாங்கினோம், அந்தக் குப்பியின் விலை அப்போது என் மாதச் சம்பளத்தைத் தாண்டும். தாளில் 5 மைக்ரோலிட்டர் என்று இருந்தது. மேற்பார்வையாளர் மேடம் சொன்னதால் டைட்ரேஷன் செய்தேன்: ஒரே அளவு செல், ஒரே அளவு நீர்மம், ஆன்டிபாடியை மட்டும் பாதி பாதியாகக் குறைத்து ஆறேழு டியூப். தேவைக்கு மேல் போட்டால் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டும், அந்தப் புரதம் இல்லாத செல்லும் கொஞ்சம் ஒளிரும். குறைத்துப் போட்டால் இருக்கும் செல்லும் மங்கும். நடுவில் ஓரிடத்தில் இரண்டு கூட்டமும் மிகத் தள்ளி நிற்கும். எங்களுக்கு அது 2.5-ல் வந்தது. குப்பி இரட்டிப்பு நாள் ஓடியது, படமும் முன்பைவிடத் தெளிவு. ஆனால் நோயாளிக்கான அங்கீகரிக்கப்பட்ட கிட்டில் இப்படிக் கைவைக்கக் கூடாது. அங்கே தாளில் உள்ள அளவே அளவு.

சிடி127, சிடி25 போன்றவற்றில் கூட்டம் இரண்டாகப் பிரியாமல் மேலிருந்து கீழ்வரை இழுத்துக்கொண்டே போகும். கோட்டை எங்கே போடுவது? எல்லா ஆன்டிபாடியையும் போட்டு, சந்தேகத்துக்குரிய அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு ஒரு டியூப் ஓட்டினால், மற்ற நிறங்களின் வால் எவ்வளவு தூரம் வருகிறது என்பது தெரிந்துவிடும். அதற்கு மேலே இருப்பதே உண்மை. வேலை ஒரு டியூப் கூடும், அவ்வளவுதான்.

சிடி3-ம் சிடி19-ம் சேர்ந்த செல்களை நீங்களும் ஒரு நாள் பார்ப்பீர்கள். டி செல்லும் பி செல்லும் ஒட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் லேசரைக் கடந்தால் அப்படித் தெரியும். முன்சிதறல் சிக்னலின் பரப்பையும் உயரத்தையும் எதிரெதிரே வரைந்தால் தனிச் செல்கள் மூலைவிட்டத்தில் நிற்கும், ஒட்டியவை விலகி நிற்கும். அதை முதலில் வெட்டிவிடுங்கள். செத்த செல்களையும் அப்படியே வெட்ட வேண்டும். அவை எந்த ஆன்டிபாடியையும் ஒட்டவைத்துக்கொள்ளும். எலும்பு மஜ்ஜை சாம்பிள் தாமதமாக வரும்போது இது பெரிய தொல்லை. செத்த செல்லை அடையாளம் காட்டும் 7-ஏஏடி போன்ற ஒரு சாயத்துக்கு ஓரிடத்தை எப்போதும் ஒதுக்கி வைப்பேன்.

இனி சொல்லப்போவதை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் இதில் கருவியிலும் தவறில்லை, கையிலும் தவறில்லை.

நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஏற்கெனவே சிகிச்சை பெற்ற ஒருவரின் சாம்பிள் வந்தது. நோய் திரும்பிவிட்டதா என்பது கேள்வி. அந்தச் சுருக்கமான டியூபில் பி செல்லுக்குச் சிடி20 மட்டும் இருந்தது. சிடி20-ல் ஒன்றுமே இல்லை. பி செல் இல்லை என்று எழுதப் போனவள், லைட் செயின் (பி செல்லின் ஆன்டிபாடியில் ஒரு துண்டு) பார்க்கும் அடுத்த டியூபையும் பார்த்துவிடலாம் என்று ஓட்டினேன். அதில் சிடி19 இருந்தது. சிடி19-ல் பளிச்சென்று ஒரு கூட்டம் நின்றது. வார்டுக்குப் போன் செய்து கேட்டேன். நோயாளிக்கு ரிட்டுக்சிமாப் கொடுத்திருக்கிறார்கள்.

ரிட்டுக்சிமாபும் ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடிதான். 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அது போய் உட்காரும் இடமே சிடி20. நாற்காலியில் மருந்து ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டால் எங்கள் ஆன்டிபாடிக்கு உட்கார இடம் ஏது? சில நேரம் செல்லே சிடி20-ஐ இழந்துவிடுவதும் உண்டு. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாரட்டுமுமாப் இதேபோலச் சிடி38-ஐ மறைக்கும். கோலரும் மில்ஸ்டீனும் திறந்த ஒரே வழியில் வந்த இரண்டு பொருள்கள், ஒன்று நோயாளியின் உடம்புக்குள், ஒன்று என் டியூபுக்குள், ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. மருந்து பெற்றவருக்குச் சிடி20-ஐ மட்டும் நம்பக் கூடாது, சிடி19, சிடி22, சிடி79ஏ என்று வேறு அடையாளமும் சேர்க்க வேண்டும். அந்த வாரமே எங்கள் சாம்பிள் படிவத்தில் "இதுவரை கொடுத்த ஆன்டிபாடி மருந்துகள்" என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி மேடத்திடம் கேட்டேன். சேர்த்தார். அது காலியாக வந்தால் இன்றும் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் டியூபைத் தொடுவேன்.

இதே வகையில் இன்னொன்று, நான் நேரில் பார்க்காதது, ஆனால் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜப்பானியரிலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிலும் சிலருக்குச் சிடி4 புரதத்தின் ஒரு சிறு இடம் மாறியிருக்கும். ஓகேடி4 என்ற குளோன், அதாவது ஒரே செல் வம்சத்திலிருந்து வரும் ஆன்டிபாடி, பிடிப்பது சரியாக அந்த இடத்தைத்தான். அவர்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பார்கள், ஆனால் அந்தக் குளோனைப் போட்டால் சிடி4 செல்லே இல்லை என்று காட்டும். எஸ்கே3 என்ற குளோன் வேறு இடத்தைப் பிடிப்பதால் சரியாகக் காட்டிவிடும். சிடி எண் ஒன்றாக இருந்தால் போதாது. நோட்டில் குளோன் பெயரையும் லாட் எண்ணையும் எழுதி வையுங்கள். கம்பெனியை மாற்றும்போது விலையைக் கேட்கும் முன் குளோனைக் கேளுங்கள்.

221-க்கு உரியவர் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கள் மேசைக்குப் பெயர் வராது, எண்தான் வரும். ஆனால் அந்தப் பதிவு எண் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து அதே எண் ஒட்டிய ஊதா மூடி டியூப் ஒன்று பெட்டியில் வந்தது. படிவத்தில் மருந்து தொடங்கியாகிவிட்டது என்ற கட்டத்தில் டிக் இருந்தது. உறைவு இருக்கிறதா என்று பார்த்தேன், டிப்பைத் துடைத்தேன், கருவியில் வைப்பதற்குச் சற்று முன்புதான் வோர்டெக்ஸ் செய்தேன். மணிகள் 5,040. விடை 312. புது டியூப் எடுத்து இன்னொரு முறையும் போட்டேன். 319.